7 முறை பட்டியலில் பெயர்... ஒருமுறைகூட ஆஸ்கர் இல்லை: கணிப்புகளைப் பொய்யாக்கிய ரிச்சர்ட் பர்ட்டன் யார்?

டிசம்பர் பிறந்தாலே ஹாலிவுட்டில் ஒரு ஆட்டம் தொடங்கிவிடும். சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் இந்த முறை யாருக்கு? கடைசி ஐந்து பேர் பட்டியலில் யார் யார் இருப்பார்கள்? பத்திரிகைகள் ஒரு பட்டியல் போடும், யூடியூப் சேனல்கள் ஒரு பட்டியல் போடும், பந்தயம் கட்டும் நிறுவனங்கள் தங்கள் பங்குக்கு ரேட் நிர்ணயிக்கும்.

இதெல்லாம் குருட்டாம்போக்கில் நடப்பதில்லை. ஒரு கணக்கு இருக்கிறது. கோல்டன் குளோப் வாங்கினாரா? பாஃப்டா கிடைத்ததா? அவர் நடித்த படம் சிறந்த பட பட்டியலிலும் இருக்கா? நிஜமாக வாழ்ந்த ஒருவரின் வேடமா? இதுக்கு முன்னாடி எத்தனை தடவை கைநழுவிப் போயிருக்கு? இந்தக் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்குச் சாதகமான பதில் வந்தால், அவர்தான் முன்னணியில் இருப்பவர்.

இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் ஒரு ஆஸ்கராவது வீட்டுக்குக் கொண்டுபோயிருக்க வேண்டிய நடிகர் ஒருவர் இருந்தார். 7 முறை பட்டியலில் பெயர் வந்தது. 7 முறையும் வேறொருவர் பெயர்தான் உறையிலிருந்து வெளியே வந்தது. அவர்தான் ரிச்சர்ட் பர்ட்டன்.

பெயர் சட்டென நினைவுக்கு வராதவர்களுக்காக: 'கிளியோபாட்ரா' படத்தின் மார்க் ஆண்டனி. 'வேர் ஈகிள்ஸ் டேர்' படத்தில் கிளின்ட் ஈஸ்ட்வுட்டோடு பனிமலைக் கோட்டைக்குள் நுழையும் பிரிட்டிஷ் அதிகாரி. எலிசபெத் டெய்லரை இரண்டு முறை கல்யாணம் செய்து, இரண்டு முறை விவாகரத்தும் செய்தவர்.

சுரங்கத் தொழிலாளி வீட்டின் 12-வது பிள்ளை

பர்ட்டன் என்பது அவர் பிறந்தபோது வைத்த பெயர் இல்லை. 1925 நவம்பர் 10-ம் தேதி வேல்ஸில் பான்ட்ரிட்வென் என்ற சின்ன ஊரில் பிறந்தபோது அவர் பெயர் ரிச்சர்ட் வால்டர் ஜென்கின்ஸ். அப்பா நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி, குடிப்பழக்கம் உள்ளவர். 13 பிள்ளைகளில் இவர் 12-வது. 13-வது பிள்ளை பிறந்த கொஞ்ச நாளிலேயே அம்மா இறந்துவிட்டார். அப்போது ரிச்சர்டுக்கு இரண்டு வயதுகூட ஆகவில்லை.

வளர்த்தது கல்யாணமாகியிருந்த மூத்த அக்கா சிசிலியா. போர்ட் டால்பட்டில் அக்கா வீட்டில் வளர்ந்த பையனுக்குத் தாய்மொழி வெல்ஷ். ஆங்கிலம் பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கற்றுக்கொண்ட மொழி. பின்னாளில் ஆங்கில வசன உச்சரிப்புக்கே இவர் குரலைத்தான் உதாரணம் காட்டினார்கள் என்பதை இங்கே ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக் கஷ்டத்தில் படிப்பு பாதியில் நின்றது. கூட்டுறவுக் கடையில் வேலைக்குப் போனார். மறுபடியும் பள்ளிக்குத் திரும்பியபோது வாழ்க்கையை மாற்றியவர் பிலிப் பர்ட்டன் என்ற ஆசிரியர். நாடகப் பித்து பிடித்தவர், வானொலிக்கு எழுதியவர். பையனைத் தன்னோடு தங்க வைத்தார், மலைமேல் கூட்டிப்போய்க் கத்தாமலேயே தூரத்துக்குக் கேட்கும்படி பேசப் பழக்கினார். தத்தெடுக்கவும் முயன்றார். ஆனால் சட்டப்படி இருவருக்கும் 21 வயது வித்தியாசம் இருக்க வேண்டும். இவர்களுக்கு 20 நாள் குறைந்தது! அதனால் சட்டப்படியான பாதுகாவலர் ஆனார், தன் பெயரைக் கொடுத்தார். ஜென்கின்ஸ் பர்ட்டன் ஆனது இப்படித்தான். இந்த குரு-சிஷ்யன் கதையை 2025-ல் 'மிஸ்டர் பர்ட்டன்' என்ற படமாகவே எடுத்துவிட்டார்கள்.

போர்க்காலத்தில் விமானப்படைப் பயிற்சிக்காக ஆக்ஸ்ஃபோர்டில் ஆறு மாதம், பிறகு லண்டன் மேடை. 1949-ல் முதல் படம். 1952-ல் ஹாலிவுட்.

முதல் இரண்டு தோல்விகள்

முதல் ஹாலிவுட் படமான 'மை கசின் ரேச்சல்' படத்துக்கே ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. இதில் ஒரு வேடிக்கை. கதையை முழுக்கத் தாங்குவது பர்ட்டனின் பாத்திரம்தான். ஆனால் பரிந்துரை வந்தது சிறந்த துணை நடிகர் பிரிவில்.

எந்தப் பிரிவில் போட்டியிடுவது என்பது இன்றுவரை கணிப்பாளர்களுக்குத் தலைவலி. புதுமுகத்தைக் கதாநாயகன் பிரிவில் விட்டால் ஜாம்பவான்களோடு மோத வேண்டும், துணை நடிகர் பிரிவு என்றால் வழி சுலபம் என்று ஒரு கணக்கு. சில சமயம் இது கணக்காகவும் இருக்காது, வெறும் கவனக்குறைவு. 'கிளியோபாட்ரா'வில் ஆக்டேவியனாக அசத்திய ராடி மெக்டவல் அப்படித்தான் பலியானார். தயாரிப்பு நிறுவனம் அவர் பெயரைத் தப்பாகக் கதாநாயகர்கள் பட்டியலில் அனுப்பிவிட்டது. அவர் துணை நடிகர் போட்டிக்கே வர முடியவில்லை. நிறுவனம் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தது, ஆனால் போனது போனதுதான்.

பர்ட்டனுக்கு வருவோம். 1953 மார்ச்சில் நடந்த அந்த விழாதான் தொலைக்காட்சியில் முதன்முதலாக ஒளிபரப்பான ஆஸ்கர் விழா. துணை நடிகர் விருது ஆன்டனி குவினுக்குப் போனது. அடுத்த வருஷமே 'தி ரோப்' படத்துக்காக சிறந்த நடிகர் பிரிவில் பரிந்துரை. சினிமாஸ்கோப்பில் வெளியான முதல் படம் அது. விருது 'ஸ்டாலாக் 17' படத்துக்காக வில்லியம் ஹோல்டனுக்கு. 28 வயது இளைஞருக்கு இது பெரிய ஏமாற்றமாக இருந்திருக்காது. இன்னும் காலம் இருக்கே!

பட்டியலில் வருவது வேறு, ஜெயிப்பது வேறு

மேற்கொண்டு போவதற்கு முன் ஆஸ்கர் ஓட்டு எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடலாம். பர்ட்டன் கதை புரிய இது அவசியம்.

நடிகர்களுக்கான பரிந்துரைப் பட்டியலை முடிவு செய்பவர்கள் அகாடமியின் நடிகர்கள் பிரிவு உறுப்பினர்கள் மட்டும். இன்றைக்கு சுமார் 1,300 பேர். இவர்கள் தங்களுக்குப் பிடித்தவர்களை 1, 2, 3 என வரிசைப்படுத்தி ஓட்டுப் போடுவார்கள். முதலிடத்தில் எத்தனை பேர் எழுதுகிறார்கள் என்பதுதான் முக்கியம். மொத்த ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல் கிடைத்தால் போதும், ஐந்து பேரில் ஒருவராக வந்துவிடலாம். அதாவது, ஒருவரைத் தீவிரமாக நேசிக்கும் சிறு கூட்டம் இருந்தாலே பட்டியலில் இடம் உறுதி.

இறுதிச் சுற்று அப்படி இல்லை. எடிட்டர், இசையமைப்பாளர், ஒப்பனைக் கலைஞர், தயாரிப்பாளர் என அகாடமியில் இருக்கும் எல்லோரும் ஓட்டுப் போடலாம். ஆளுக்கு ஒரே ஒரு ஓட்டு. அதிகம் வாங்குபவர் ஜெயிப்பார். பர்ட்டன் உச்சத்தில் இருந்த 1960-களிலும் அடிப்படை இதுதான்.

ஆக, முதல் சுற்று சக நடிகர்களின் மரியாதை. இரண்டாவது சுற்று மொத்த ஊரின் பிரியம். பர்ட்டனுக்கு முதலாவது ஏராளமாகக் கிடைத்தது. இரண்டாவது கடைசி வரை வாய்க்கவில்லை. அவர் ஹாலிவுட்டில் வேர் விட்டவரும் இல்லை. வரிக்காக 1957-லேயே சுவிட்சர்லாந்தின் செலினி கிராமத்தில் குடியேறிவிட்டார். மனசு பாதி நாள் நாடக மேடையில் இருந்தது. 'கேமலாட்' இசை நாடகத்தில் ஆர்தர் மன்னராக நடித்து 1961-ல் டோனி விருது வாங்கினார். பிறகு ரோமில் 'கிளியோபாட்ரா' படப்பிடிப்பு, அங்கே எலிசபெத் டெய்லர். இருவரும் அப்போது வேறு வேறு திருமண வாழ்க்கையில் இருந்தவர்கள். வாடிகன் வாரப் பத்திரிகை வரை கண்டனம் வந்தது. 1964 மார்ச்சில் மான்ட்ரியாலில் கல்யாணம். அதன்பிறகு அவர் எங்கே போனாலும் நடிப்பைவிட ஜோடிதான் செய்தி.

மூன்று வருஷம், மூன்று பரிந்துரை, மூன்று ஏமாற்றம்

1964, 65, 66. பர்ட்டனின் பொற்காலம் இதுதான். நடந்ததைப் பாருங்கள்.

முதலில் 'பெக்கெட்'. இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஹென்றியாக பீட்டர் ஓ'டூல், அவரது நண்பராக இருந்து பேராயராகி எதிர்த்து நிற்கும் தாமஸ் பெக்கெட்டாக பர்ட்டன். இந்தக் கதை நமக்கும் புதுசு இல்லை. இதைத் தழுவித்தான் இந்தியில் ராஜேஷ் கன்னா, அமிதாப் பச்சன் நடித்த 'நமக் ஹராம்' வந்தது. அதுவே தமிழில் சிவாஜியும் ஜெமினியும் நடித்த 'உனக்காக நான்' ஆனது.

'பெக்கெட்' படத்துக்கு 12 பரிந்துரைகள். இரண்டு கதாநாயகர்களும் சிறந்த நடிகர் பட்டியலில். கணிப்பாளர்கள் பயப்படும் விஷயமே இதுதான். ஒரே படத்திலிருந்து இருவர் நின்றால் ஓட்டு பிரியும். விருது 'மை ஃபேர் லேடி' நாயகன் ரெக்ஸ் ஹாரிசனுக்குப் போனது. யார் இந்த ஹாரிசன்? 'கிளியோபாட்ரா'வில் சீசராக நடித்தவர். அந்தப் படத்துக்கும் அவருக்குத்தான் பரிந்துரை, ஆண்டனிக்கு இல்லை!

அடுத்தது 'தி ஸ்பை ஹூ கேம் இன் ஃப்ரம் தி கோல்ட்'. ஜான் லெ காரேயின் நாவல். ஜேம்ஸ் பாண்ட் ஜோரில் உலகமே மயங்கிக் கிடந்தபோது, களைத்துப்போன, குடிக்கிற, யாரையும் நம்பாத ஒரு உளவாளியாக பர்ட்டன் நடித்தார். அவரது சிறந்த நடிப்பு எது என்று கேட்டால் இதைத்தான் சொல்லத் தோன்றுகிறது. அந்தப் புகழ்பெற்ற குரலை அடக்கி வைத்து, முகத்தில் மட்டும் பேசிய படம். ஆனால் அந்த வருஷ பட்டியலில் லாரன்ஸ் ஒலிவியே, ராட் ஸ்டைகர், ஆஸ்கர் வெர்னர் என எல்லோருமே கனமான வேடங்கள். இத்தனை சோகத்துக்கு நடுவில் ஒரே ஒருவர் சிரிக்க வைத்தார். 'கேட் பலூ' என்ற காமெடி வெஸ்டர்னில் இரட்டை வேடத்தில் வந்த லீ மார்வின். அவர்தான் ஜெயித்தார். மேடையில் பாதி விருது தன் குதிரைக்குச் சேரும் என்ற பொருளில் பேசிவிட்டு இறங்கினார். கனமான நடிப்புகள் நான்கு ஓட்டைப் பிரித்துக்கொள்ள, தனித்துத் தெரிந்தவர் தட்டிக்கொண்டு போனார் என்று இதைப் படிக்கலாம்.

மூன்றாவதுதான் உண்மையிலேயே வலித்திருக்க வேண்டும். 'ஹூ இஸ் அஃப்ரெய்ட் ஆஃப் வர்ஜினியா உல்ஃப்?'. ஒரே ராத்திரியில் ஒருவரையொருவர் வார்த்தையால் கிழித்துக்கொள்ளும் நடுவயதுத் தம்பதியாக பர்ட்டனும் டெய்லரும். மைக் நிக்கோல்ஸின் முதல் படம். 13 பரிந்துரைகள். நடித்த நான்கு முக்கியக் கலைஞர்களும் பட்டியலில். 1967 ஏப்ரல் 10-ம் தேதி விழாவில் டெய்லருக்கு சிறந்த நடிகை, சாண்டி டென்னிஸுக்கு சிறந்த துணை நடிகை. மனைவிக்குக் கிடைத்தது, கணவருக்கு இல்லை. சிறந்த நடிகர் விருது 'எ மேன் ஃபார் ஆல் சீசன்ஸ்' படத்தின் பால் ஸ்கோஃபீல்டுக்கு. அந்தப் படம் சிறந்த படம் உட்பட 6 விருதுகளை அள்ளியது.

தம்பதி இருவரும் அன்று விழாவுக்கு வரவில்லை. டெய்லர் சார்பில் ஆன் பான்கிராஃப்ட்தான் விருதைப் பெற்றுக்கொண்டார். வராததால்தான் பர்ட்டனுக்குப் போச்சு என்று நினைத்துவிட வேண்டாம். விழாவுக்கு முன்பே ஓட்டெடுப்பு முடிந்துவிடும். ஆனாலும் சீசன் முழுக்க ஊரில் இருந்து கை குலுக்குபவருக்கும், கடல் கடந்து இருப்பவருக்கும் வித்தியாசம் இருக்கத்தானே செய்யும்?

ஒரு ஆறுதல்: 'ஸ்பை', 'வர்ஜினியா உல்ஃப்' இரண்டுக்கும் சேர்த்து பிரிட்டனில் பாஃப்டா விருது கிடைத்தது.

ஜான் வெய்னும் ஒரு ராத்திரியும்

ஸ்கோஃபீல்ட் ஜெயித்தது எட்டாம் ஹென்றியால் தலை வெட்டப்பட்ட தாமஸ் மோர் வேடத்துக்கு. மூணு வருஷம் கழித்து அதே எட்டாம் ஹென்றியாகவே பர்ட்டன் வந்தார், 'ஆன் ஆஃப் தி தவுசண்ட் டேஸ்' படத்தில். விமர்சகர்கள் பெரிதாகக் கொண்டாடவில்லை. ஆனால் தயாரிப்பு நிறுவனம் அகாடமி உறுப்பினர்களுக்குப் படத்தோடு விருந்தும் ஷாம்பெய்னும் சேர்த்துப் பரிமாறியது. 10 பரிந்துரைகள் வந்தன! இந்த ஒரு முறை பர்ட்டனுக்குக் கிடைக்காமல் போனதில் பெரிய அநியாயம் இல்லை என்றே சொல்ல வேண்டும்.

எதிரே நின்றது ஜான் வெய்ன். 40 வருஷமாகக் குதிரையேறி நடித்தவர், ஒரு ஆஸ்கர்கூட இல்லை, புற்றுநோயை வென்று வந்தவர். 'ட்ரூ கிரிட்' படத்தில் ஒற்றைக்கண் மார்ஷல். 'மிட்நைட் கவ்பாய்' படத்தின் இரு நாயகர்களும் பட்டியலில் இருந்ததால் அங்கே ஓட்டு பிரியும். கணிப்பாளர்களுக்கு இது கஷ்டமே இல்லாத வருஷம். ரொம்ப நாள் காத்திருந்தவருக்கு என்ற வாதத்தில் வெய்ன் ஜெயித்தார். அதே வாதம் தனக்கும் பொருந்தும் என்று பர்ட்டனுக்குத் தோன்றாமல் இருந்திருக்குமா? அன்று ராத்திரி வெய்ன் விருதோடு பர்ட்டனின் ஹோட்டல் அறைக்கு வந்து, இது உங்களுக்கு வந்திருக்க வேண்டியது என்று நீட்டியதாக ஒரு கதை ஹாலிவுட்டில் சொல்வார்கள்.

எல்லாக் கணக்கும் சரியாக இருந்த ஒரே வருஷம்

அடுத்த ஏழு வருஷங்கள் சறுக்கல். குடி கட்டுமீறியது, கையில் கிடைத்த படத்தில் எல்லாம் நடித்தார். 1974-ல் டெய்லரோடு விவாகரத்து, 1975-ல் போட்ஸ்வானாவில் மறுமணம், 1976-ல் மறுபடி விவாகரத்து.

அப்போதுதான் பிராட்வேயில் 'ஈக்வஸ்' நாடகம். குதிரைகளின் கண்ணைக் குத்திய இளைஞனுக்குச் சிகிச்சை அளிக்கும் மனநல மருத்துவர் வேடம். மேடையில் பாராட்டு குவிய, சிட்னி லூமெட் இயக்கிய படத்திலும் அவரே நடித்தார். 1978-ல் கோல்டன் குளோப் கிடைத்தது. கணிப்பாளரின் பட்டியலை எடுத்துப் பாருங்கள். கோல்டன் குளோப்: ஆச்சு. கனமான வேடம்: ஆச்சு. வீழ்ந்து எழுந்த கதை: ஆச்சு. ஆறு முறை தோற்றவர்: ஆச்சு. இந்த முறை பர்ட்டன்தான் என்று பலரும் அடித்துச் சொன்னார்கள்.

அவர்கள் கவனிக்கத் தவறியவை இரண்டு. கோல்டன் குளோபில் சிறந்த நடிகர் ஒருவர் இல்லை, இருவர். டிராமாவுக்கு ஒருவர், காமெடி மற்றும் இசைப் படத்துக்கு ஒருவர். அந்த வருஷ காமெடி விருது 'தி குட்பை கேர்ள்' நாயகன் ரிச்சர்ட் டிரைஃபஸுக்கு. முன்பு பர்ட்டனை முந்திய ஹாரிசனும் லீ மார்வினும்கூட இதே காமெடி பிரிவு வழியாக வந்தவர்கள்தான்! இன்னொன்று, அந்த வருஷம் அவரவருக்கு வந்த மற்ற படம். டிரைஃபஸுக்கு ஸ்பீல்பெர்க்கின் 'க்ளோஸ் என்கவுன்டர்ஸ் ஆஃப் தி தேர்ட் கைண்ட்', உலகம் முழுக்க ஹிட். பர்ட்டனுக்கு 'எக்ஸார்சிஸ்ட் 2', விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்ட படம்.

1978 ஏப்ரல் 3. பட்டியலில் இரண்டு ரிச்சர்ட்கள். அறிவிக்கப்பட்டது ரிச்சர்ட் டிரைஃபஸ். 30 வயதில் சிறந்த நடிகர் விருது வாங்கி, அதுவரை அந்த விருதை வாங்கியவர்களிலேயே மிக இளையவர் என்ற சாதனையையும் படைத்தார். பர்ட்டனுக்கு வயது 52.

அதுவே கடைசி பரிந்துரை. நடிகர்களில் அவரைவிட அதிகமுறை பட்டியலில் வந்து போட்டியில் ஒருமுறைகூட ஜெயிக்காதவர் ஒருவர்தான், 8 பரிந்துரைகளோடு அதே 'பெக்கெட்' நண்பர் பீட்டர் ஓ'டூல். அவருக்காவது 2003-ல் கௌரவ ஆஸ்கர் கிடைத்தது. பர்ட்டன் அதுவரை இருக்கவில்லை.

1984 ஆகஸ்ட் 5-ம் தேதி செலினியில் மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு இறந்தார். வயது 58. ஜார்ஜ் ஆர்வெல் நாவலிலிருந்து எடுக்கப்பட்ட '1984' படத்தில் ஓ'பிரையன் என்ற விசாரணை அதிகாரியாக அவர் நடித்தது மறைவுக்குப் பிறகு திரைக்கு வந்தது. குரலை உயர்த்தாமலேயே பயமுறுத்தும் நடிப்பு. இறந்த பிறகும் விருது தரலாம் என்பதற்கு முன்னுதாரணம் இருந்தது; 'நெட்வொர்க்' படத்துக்காக பீட்டர் ஃபிஞ்சுக்கு 1977-ல் அப்படிக் கொடுத்திருந்தார்கள். ஆனால் இந்த முறை பட்டியலிலேயே பர்ட்டன் பெயர் இல்லை.

சுவிட்சர்லாந்து மண்ணில் அவரை அடக்கம் செய்தபோது வேல்ஸின் நிறமான சிவப்பில் உடை அணிவித்திருந்தார்கள். கூடவே வைத்தது, அவர் ஊர்க் கவிஞரும் நண்பருமான டிலன் தாமஸின் கவிதைத் தொகுப்பு.